தாளாளர் ஆடிய சிலை விளையாட்டு

பள்ளி முடிந்தபின் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அபாகஸ் வகுப்பு வைத்தால் போதும் என்றார் தாளாளர் பொன்னையா. புதிதாக வந்த டீச்சர் ஜெபராணியோ விளையாட்டு மன்றம்தான் வேண்டும், காலியாகக் கிடக்கும் மண்டபத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"தாரேன். ஆனா சத்தம் வரக் கூடாது, சட்டை அழுக்காகக் கூடாது, எந்தப் பிள்ளையும் தோக்கக் கூடாது. அப்படியொரு விளையாட்டைக் காட்டும்மா. இல்லன்னா நாளைலருந்து வேலைக்கு வராதே" என்றார் அவர், மீசையைத் தடவியபடி.

"இருக்கு சார். நீங்களும் சேர்ந்து ஆடணும்."

சிலை விளையாட்டு. எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் சிரிப்பவர் தோற்றவர், அதோடு ஆட்டம் முடிந்துவிடும். பிள்ளைகள் நடுவே தாளாளரும் விறைப்பாக நின்றார். எதிரே நின்ற வாண்டு மாசிலாமணியின் கால்சட்டை மெல்ல நழுவிக் கணுக்காலில் விழுந்தது. அவன் இமைகூட அசைக்கவில்லை. பொன்னையாதான் அடக்க மாட்டாமல் மண்டபம் அதிரச் சிரித்துவிட்டார்.

"சத்தம் போட்டதும் நீங்க, தோத்ததும் நீங்க. என் பிள்ளைங்க ஒருத்தரும் தோக்கல சார்" என்றாள் ஜெபராணி.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சாவியை நீட்டினார். அவள் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டாள்.

"மண்டபம் நமக்குத்தான், பிள்ளைகளா!"

அப்போது எழுந்த கூச்சலில் தாளாளரின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.