அகர ஏட்டில் ஒரு பெயர்

பெயர் ஒன்று, இயந்திரம் ஒன்று, அதைக் கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். கதை சிறியதுதான். எழுத்துகளை மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

அச்சகங்கள் நிறைந்த ஓர் ஊரில் அச்சக உரிமையாளர் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருந்தது. இயந்திரத்தை ஈடாக வைத்து யார் கடன் கொடுத்தாலும் அதில் பதிய வேண்டும். அடுத்துக் கொடுக்க வருபவர், அதே இயந்திரத்தின் பேரில் முன்பே கடன் இருக்கிறதா என்று அங்கே தேடிப் பார்ப்பார். கடன் வாங்கியவரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, பதிவு அந்த ஏட்டில் சேரும். அகரத்துக்கு ஓர் ஏடு. ர, ரா, ரெ முதலிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஏடு. சுவரில் மூன்று விதிகள் எழுதி மாட்டியிருந்தன.

பெயரைக் குடும்ப அட்டையில் உள்ளபடி எழுதவும்.

முதலில் பதிந்தவருக்கு முதல் உரிமை.

அட்டைப் பெயருக்குரிய ஏட்டை முழுதும் படித்தும் கண்ணில் படாத பதிவு செல்லாது.

திலகவதி முப்பத்தோர் ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். தனியார் பள்ளி என்பதால் ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த தொகையில் நான்கு லட்சம் மிச்சம் இருந்தது. அதைத் தெரு முனையில் அச்சகம் வைத்திருந்த ரங்கநாயகிக்கு, அவருடைய ஆப்செட் இயந்திரத்தின் பேரில், தை மாதம் பத்தாம் தேதி கொடுத்தார். பதிவுத் தாளைத் தாமே எழுதினார்: அரங்கநாயகி.

"டீச்சர், அட்டையில ரங்கநாயகின்னுல்ல இருக்கு" என்றார் ரங்கநாயகி.

"அட்டை அடிச்சவனுக்கு இலக்கணம் தெரியாதும்மா. ரகரத்துல தமிழ்ச் சொல் தொடங்காது."

ரங்கநாயகிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. மறு வாரமே கடைப் பலகையை 'அரங்கநாயகி அச்சகம்' என்று மாற்றி எழுதச் செய்தார். சங்கச் செயலாளர் சவரிமுத்து தாளை வாங்கி, எழுதியிருந்தபடி அகர ஏட்டில் சேர்த்தார். அட்டையைக் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் அல்ல.

ஆவணியில் ரங்கநாயகி மறுபடியும் கடன் கேட்டார், இந்தத் தடவை காகித வியாபாரி விருத்தகிரியிடம். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சங்கத்துக்குப் போய் ரகர ஏட்டை முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை படித்தார். பதினான்கு பெயர்கள் இருந்தன, ரங்கநாயகியின் பெயர் இல்லை. நான்கு லட்சம் கொடுத்தார். பதியும்போது அவர் எழுதியது: ரெங்கநாயகி. அதுவும் ரகர ஏட்டில், பதினைந்தாவதாகச் சேர்ந்தது.

சித்திரையில் அச்சகம் பூட்டப்பட்டது. ரங்கநாயகி சாவியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, "என்கிட்ட வேற ஒண்ணுமில்லண்ணே" என்று சவரிமுத்துவிடம் சொல்லி, மகள் ஊருக்குப் போய்விட்டார். இயந்திரத்தை விற்றால் நான்கு லட்சம் தேறும். ஒருவர் கடனுக்குத்தான் அது காணும்.

மேசைக்கு இந்தப் பக்கம் திலகவதி, அந்தப் பக்கம் விருத்தகிரி. நடுவில் இரண்டு ஏடுகளும் விரிந்து கிடந்தன. திலகவதிக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ரகர ஏட்டில் பதினைந்தாவது வரியைப் படித்தார். பழக்கத்தில் விரல் அந்த ஒற்றைக் கொம்பின் மேல் போய் நின்றது.

"ஏழாம் வகுப்புலயும் உனக்குக் கொம்பு எங்க போடுறதுன்னு தெரியல, விருத்தகிரி."

"குட்டு வாங்கின இடம் இன்னும் வலிக்குது டீச்சர். ஆனா நான் அட்டையைப் பார்த்தேன். ஏட்டையும் பார்த்தேன்."

"பலகையைப் பார்க்கலையா? அதுக்குக் கீழதான உன் வண்டி நின்னு காகிதக் கட்டு இறக்குச்சு?"

"பார்த்தேன். விதியில பலகைன்னு இல்லையே டீச்சர்."

திலகவதி தம் கட்சியை நான்கு வாக்கியத்தில் சொன்னார். தவறு இரண்டு பேரிடமும் இருக்கிறது. இருவருமே அட்டையில் உள்ளபடி எழுதவில்லை. என்னுடையது இலக்கணப்படி சரி, அவனுடையது வெறும் பிழை. நான் ஏழு மாதம் முந்தியவள்.

விருத்தகிரி ஒன்றுதான் சொன்னார்: "உங்க பதிவு இருக்கிறது தெரிஞ்சிருந்தா ஒத்த ரூபாய் கொடுத்திருக்க மாட்டேன்."

சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

இருவரும் ஆளுக்கோர் எழுத்துப் பிழை செய்தவர்கள். அப்படியானால் இயந்திரம் யாருக்கு? இதில் யார் சொன்னது சரி?

விடை: இயந்திரம் விருத்தகிரிக்கு. பிழை பெரியதா சிறியதா, இலக்கணம் ஒப்புமா ஒப்பாதா என்பது கேள்வியே இல்லை. அட்டையில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் தேடினால், பதிவு கண்ணில் படுமா என்பதே கேள்வி. ரங்கநாயகியைத் தேடுபவர் ரகர ஏட்டைப் படிப்பார். கொம்பு முளைத்த ரெங்கநாயகி அங்கே இருக்கிறாள். அரங்கநாயகியோ வேறு ஏட்டில் இருக்கிறாள். அங்கே தேட யாருக்கும் காரணம் இல்லை. பலகை கடைக்குப் பெயர் சொல்லும், பதிவேட்டுக்குச் சொல்லாது. கண்ணில் படாத பதிவு செல்லாதென்றால், ஏழு மாதம் முந்தியும் பயனில்லை. சவரிமுத்து முடிவை எழுதி, அடியில் இருவரையும் பெயர் எழுதச் சொன்னார். "அட்டையில உள்ளபடி, டீச்சர்." திலகவதி கைப்பையிலிருந்து தம் குடும்ப அட்டையை எடுத்தார். பதினெட்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் அட்டை. 'தில்லகவதி' என்றிருந்தது. ஓர் ஒற்று மிகை. அதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த ஒற்றோடு அப்படியே எழுதினார்.