இரண்டாவது அடி

பெனிட்டா டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. குரு இளையவராகவும் சீடர் மூத்தவராகவும் இருப்பதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் சிலர் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

சுயம்புலிங்கம் முப்பத்தைந்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். சரணம் தொடங்குவதற்கு முன் ஓர் உருட்டு உருட்டுவார். இரண்டு குச்சிகளும் தோலைத் தொட்டுத் தொட்டு எழும்பும். தகரத்தில் பொரிகடலையைக் கொட்டியது போலிருக்கும். பாடகர் யாரென்று மறந்தவர்களுக்கும் ‘உருட்டு சுயம்பு’வைத் தெரியும்.

கச்சேரிகள் நின்றுபோன பிறகு எலக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்றை வாங்கினார். தோலுக்குப் பதில் ரப்பர் பேடுகள். வாசிப்பதை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யக் கற்றுக்கொள்ள டீச்சரிடம் வந்தார்.

முதல் நாளே டீச்சர் சொன்னார்: "இதுல சத்தம் பதிவாகாது அண்ணாச்சி. எப்ப அடிச்சீங்க, எவ்வளவு பலமா அடிச்சீங்க, அது ரெண்டுதான் பதிவாகும். சத்தத்தைக் கம்ப்யூட்டர் அப்புறமா ஒட்டிக்கிடும்."

"அப்ப வாசிச்சது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"அந்த ரெண்டையும் வெச்சுத்தான்."

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுயம்புலிங்கம் உருட்டு வாசிக்கும் ‘ஸ்நேர்’ பேடை மட்டும் கழற்றித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டு மாடியேறினார். டீ ஷர்ட் அணிந்திருந்தார். பொத்தான் வைத்த சட்டையை அவர் போட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. வயது குறைகிறதா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவந்தார்.

"டீச்சர், இந்த ஸ்நேர் பேடை எப்படிச் சரி பண்றது?"

"என்ன செய்யுது?"

"ஒரு அடி அடிச்சா ரெண்டா விழுது. சென்னைக்காரங்க மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க."

சென்னையில் ஓர் இசையமைப்பாளர் அவரைத் தேடிப் பிடித்து, ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார். சரணத்துக்கு முன்னால் அந்த உருட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். கச்சேரிகள் நின்ற ஒன்பது வருடத்தில் அவருக்கு வந்த ஒரே அழைப்பு அது. திரும்பி வந்த மூன்று முறையும் ஒரே குறிப்பு: அடி இரட்டிக்கிறது, கருவியைப் பாருங்கள். நாளைக்குள் வராவிட்டால் கம்ப்யூட்டரையே வாசிக்க வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"கேபிளை ரெண்டு தடவை மாத்தினேன். அடியில சாக்கு விரிச்சேன். பக்கத்து வீட்டு கிரைண்டர் அதிர்வா இருக்கும்னு, மாவாட்ட வேண்டாம்னு சொன்னேன். நாலு நாளா அவங்க வீட்ல உப்புமா. அந்தம்மா என் முகத்தையே பார்க்கிறதில்ல."

டீச்சர் பேடை உறையிலிருந்து எடுத்துத் தன் டிரம்ஸில் மாட்டினார். கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கினார். எட்டு முறை அடித்தார். திரையில் அடிக்கு ஒன்றாக எட்டுக் கட்டங்கள் விழுந்தன.

"டீச்சர் மெதுவா அடிச்சீங்க."

டீச்சர் குச்சியை நீட்டினார். "இடது கையால எட்டு."

சுயம்புலிங்கம் அடித்தார். எட்டுக் கட்டங்கள்.

"வலது கையால எட்டு."

அடித்தார். டீச்சர் திரையை எண்ணினார். பதின்மூன்று.

"பார்த்தீங்களா! இதான். இதேதான்." கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

டீச்சர் அந்தப் பேடைக் கழற்றிவிட்டு, பெட்டி பிரிக்காத புதுப் பேடு ஒன்றை எடுத்து மாட்டினார். "வலது கையால எட்டு."

பதினான்கு.

"இதுவும் போச்சா?" என்றார் சுயம்புலிங்கம். "ஒரே கம்பெனியா இருக்கும். மொத்தத்துலயும் கோளாறு."

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். சுயம்புலிங்கமும் தன்னுடையதைக் கழற்றினார். இப்போது ரப்பரில் குச்சி படும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"இன்னொரு தடவை அடிங்க."

தப் என்று ஒன்று கேட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெலிதாக இன்னொரு தப்.

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா அண்ணாச்சி?"

"போனேன்."

"எப்ப?"

"சித்திரையில."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு பேரு சொன்னார். மாத்திரை குடுத்தார். கூடிக்கிட்டேதான் போகும்னார்."

"தெரிஞ்சுமா பேடைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"பேடுக்கு உதிரி பாகம் கிடைக்கும் டீச்சர்."

டீச்சர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவர் இடது கையால் வாங்கிக் குடித்தார்.

"பிடி தளருது. குச்சி தானா எழும்பி இன்னொரு தடவை தொட்டுருது," என்றார். "சின்ன வயசுல குச்சி எழும்பணும்னு ரெண்டு வருஷம் பழகினேன். தலையணையில அடிச்சுப் பழகினேன். எழும்பவே எழும்பாது. இப்ப எழும்பாதேன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டார்: "மிஷின்ல மறைக்க வழி இருக்கா?"

"இருக்கு."

டிரம்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்னத் திருகு. ஓர் அடிக்குப் பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் இன்னோர் அடி விழுந்தால் அதைக் கேளாததுபோல இருந்துவிடச் சொல்லலாம். எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் எண். டீச்சர் பூஜ்ஜியத்திலிருந்து ஐம்பதுக்குத் திருப்பினார்.

"அடிங்க."

எட்டு அடி. எட்டுக் கட்டம்.

சுயம்புலிங்கம் இன்னும் எட்டு அடித்தார். எட்டு. வேகமாக அடித்தார். சரியாக இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாட்டை ஓடவிடச் சொன்னார். பல்லவி முழுக்க வாசித்தார். ஓர் அடிகூட இரட்டிக்கவில்லை.

"ஏன் டீச்சர், ஒரு வருஷமா இந்தத் திருகைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"கேட்டாத்தான் சொல்வீங்களாக்கும்! அந்தம்மாகிட்ட இன்னைக்கே போய் மாவாட்டச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே சரணத்துக்கு வந்தார். உருட்டினார்.

ஹெட்போனில் பொரிகடலை கொட்டவில்லை. யாரோ கதவைத் தட்டுவதுபோல நாலைந்து அடிகள் இடைவெளி விட்டு விழுந்தன.

அவர் கைகள் நின்றன. "என்னாச்சு?"

"உருட்டுல குச்சி எழும்பி எழும்பித்தானே விழுது. அதையும் மிஷின் கேக்கல."

"நம்பரைக் குறைங்க."

டீச்சர் முப்பதுக்குக் குறைத்தார். உருட்டு பாதி வந்தது. பல்லவியில் இரட்டிப்பும் பாதி வந்தது. இருபதில் வைத்தார். உருட்டு வந்தது. இரட்டிப்பும் வந்தது. இருபத்தைந்தில் வைத்தார். இரண்டும் கெட்டன.

"அப்ப இப்படிப் பண்ணுவோம்," என்றார் சுயம்புலிங்கம். "திருகு வேண்டாம். அப்படியே வாசிக்கிறேன். தப்பா விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டர்ல ஒண்ணொண்ணா அழிச்சுருவோம். முடியும்ல?"

"முடியும்."

திருகு பூஜ்ஜியத்துக்குப் போனது. அவர் வாசித்தார். பல்லவியில் விழுந்த உபரி அடிகளை டீச்சர் தேடித் தேடி அழித்தார். கால் மணி நேரம் பிடித்தது. பிறகு உருட்டு விழுந்த இடத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினார். முப்பத்தொரு கட்டங்கள், எறும்பு வரிசைபோல. சில நெருக்கம், சில தள்ளி. சில தடிமன், சில மெலிவு.

"இதுல நீங்க போட்டது எது, தானா விழுந்தது எது?"

சுயம்புலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். முதல் கட்டத்தில் விரலை வைத்தார். "இது நான்." இரண்டாவதில் வைத்தார். "இதுவும்." மூன்றாவதில் விரல் நின்றது. நான்காவதற்குப் போனது. மறுபடி மூன்றாவதற்கு வந்தது.

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

டீச்சர் பதிவை ஓடவிட்டார்.

"இன்னொரு தடவை."

மூன்று முறை கேட்டார். திரையிலிருந்த விரல் ஆடிக்கொண்டிருந்தது. அது எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் கையை இறக்கினார்.

"தெரியல டீச்சர்."

டீச்சர் தலையசைத்தார்.

"நான்தானே வாசிச்சேன். எனக்கே தெரியல."

கீழே தெருவில் பால்காரரின் மணி கேட்டது. சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நாளைக்கு அனுப்ப முடியாது."

"முடியாது அண்ணாச்சி."

"அடுத்த மாசம்?"

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தலையணை உறையைத் தேடி எடுத்தார். பேடை அதற்குள் போட முயன்றார். உறையின் வாய் கைக்கு அகப்படவில்லை. டீச்சர் உதவிக்கு எழவில்லை. கம்ப்யூட்டரில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தார். அதற்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்தார்.

"பேடைக் குடுங்க. மாட்டுறேன்."

"எதுக்கு?"

"உருட்டுங்க. பதிவு பண்ணுவோம்."

"திருகு?"

"பூஜ்ஜியம்."

"அழிக்கிறது?"

"எதையும் அழிக்கப் போறதில்ல."

"யாருக்கும் அனுப்ப முடியாததைப் பதிவு பண்ணி என்ன செய்ய டீச்சர்? இந்தக் கையை வெச்சுக்கிட்டு?"

டீச்சர் பேடை மாட்டினார். கேபிளைச் செருகினார். கீழே கிடந்த குச்சிகளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இனி உங்களுக்கு வரப்போற கையில எல்லாம் இதுதான் நல்ல கை அண்ணாச்சி."

பதிவுப் பொத்தானை அழுத்தினார். தாளம் காட்டும் கிளிக் ஒலிக்கத் தொடங்கியது. திரையில் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது.

சுயம்புலிங்கம் குச்சிகளை எடுத்தார். பேடுக்கு மேலே பிடித்தார். வலது கைக் குச்சியின் நுனி காற்றில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடது கை அசையவில்லை.

கோடு திரையின் ஓரத்தைத் தொட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனது. ஒரு கட்டமும் விழவில்லை.

டீச்சர் பதிவை நிறுத்தவில்லை.