கன்னத்தில் ஒரு கொட்டைப்பாக்கு

மலையடிவார மடத்தில் சமையல் பொறுப்பு சிங்காரத்துக்கு. ஐம்பத்து மூன்று வயது, பதினெட்டு வருடச் சீடன். எதற்கும் அசையாதவன் என்று பெயர். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் அந்தப் பெயர் கெட்டுவிடும். அன்றுதான் தங்கை வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவான். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது.

போனதும் எதிரே உட்கார்ந்து, "நான் யாரு, சொல்லும்மா பாப்போம்" என்பான். சரியாகச் சொல்லிவிட்டால் மடத்தில் அன்று குழம்பு மணக்கும். சொல்லாவிட்டால் உப்பு இரண்டு தடவை விழும்.

ஒரு வாரம் தன் தம்பி என்றாள். மறுவாரம் பால்காரர் என்றாள். போன வாரம் பதிலே சொல்லாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வெள்ளிக்கிழமை சிங்காரம் கிளம்பவில்லை.

"என்னப்பா, போகலையா?" என்றார் குரு.

"பயமா இருக்கு சாமி. அவளுக்கே என்னைத் தெரியலேன்னா நான் யாருக்குப் பிள்ளை? இனிமே போகாம இருந்துடலாம்னு தோணுது."

குரு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து முழுக் கொட்டைப்பாக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வாயில போட்டுக்க. கடிக்கக் கூடாது, துப்பக் கூடாது. திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிளம்பு, நானும் வர்றேன்."

தங்கை கதவைத் திறந்தாள். அம்மா கட்டிலில் இருந்தாள். சிங்காரம் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தான். குரு ஓரமாக உட்கார்ந்தார்.

அம்மா அவனைப் பார்த்தாள். உடனே முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் நாக்கு நுனியில் கேள்வி துடித்தது. பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அடங்கினான்.

கொஞ்ச நேரம் போயிற்று. அவன் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"என்ன தம்பி, கன்னம் வீங்கியிருக்கு? பல்வலியா?"

அவள் எட்டி அவன் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஏம்மா, ஒரு கிராம்பு கொண்டா. பாவம், இவருக்கு வாயே திறக்க முடியல" என்றாள் உள்ளே பார்த்து.

சிங்காரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, போயிடாதீங்க. கொஞ்ச நேரம் கூட இருங்க. இப்ப எம்மவன் வருவான்."

அவன் அசையாமல் இருந்தான்.

"நல்ல பிள்ளைதான். ஆனா வந்தா, நான் யாரு, நான் யாருன்னு கேப்பான். எனக்கு வாயில வராது. அவன் மூஞ்சி வாடிப்போயிடும். அதைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு."

சிங்காரம் தலையை ஆட்டினான். இருட்டும் வரை இருந்தான்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். மடத்து வாசலில் அவன் பாக்கைத் துப்பினான். தாடை வலித்தது.

"சாமி, அடுத்த வெள்ளிக்கிழமை நான் என்ன செய்யட்டும்?"

குரு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"காலையிலேயே போயிடு. அவ மகன் வந்து சேர்றதுக்குள்ள."