பட்டையில் ஐந்து பல்தடம்

மலையடிக் காட்டில், ஓடை வந்து தேங்கும் ஒரு பாறை மடுவில், துடுப்பன் என்ற நீர்நாய் தன் மனைவி அல்லியோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. மடுவில் மீனுக்குக் குறைவில்லை. ஆனாலும் துடுப்பனுக்கு ஓர் ஏக்கம். அதன் சிநேகிதி செம்பி இப்போது பக்கத்தில் இல்லை.

செம்பி ஒரு மலை அணில். முன்பெல்லாம் மடுவின்மேல் சாய்ந்து நின்ற அத்தி மரத்தில்தான் அதன் கூடு. செம்பி பழத்தைப் பறித்துத் தண்ணீரில் போடும். பழத்துக்கு மீன் மொய்க்கும். துடுப்பன் சிரமமில்லாமல் பிடித்துத் தின்னும். பிறகு வெயில் ஏறும்வரை இரண்டும் ஊர்க்கதை பேசும். என்ன நாட்கள் அவை!

ஒரு புயலில் அந்த அத்தி சாய்ந்தது. அரைநாள் நடைதூரத்தில், ஓடையின் மேற்பக்கம் இருந்த வேறோர் அத்திக்குச் செம்பி குடிபோனது. பிரியும்போது இரண்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. செம்பி சில பொருள்களைத் தண்ணீரில் போடும். அத்தி இலை என்றால் பழம் பழுத்திருக்கிறது. நாவல் இலை என்றால் வா. மூங்கில் இலை என்றால் குடும்பத்தோடு. முள்ளம்பன்றி முள் என்றால் செந்நாய். புளியங்கோது என்றால் பொறு. இப்படி இன்னும் பல. ஓடை குறுகல்; முன்னால் போட்டது முன்னால்தான் வரும்.

ஆனால் ஓடைக்கு நம் அவசரம் தெரியுமா? சில நாள் ஒரே சேதி மூன்று தவணையாக வரும். சில நாள் இரண்டு சேதிகள் ஒன்றாக வந்து இறங்கும். அப்படி வந்த இரண்டைத் துடுப்பன் ஒரு முறை ஒன்றாகச் சேர்த்துப் படித்துவிட்டு, செம்பிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஒரு செந்நாய் என்று மடு முழுக்கச் சொல்லிவிட்டது. தவளைகள் ஒரு மாதம் சிரித்தன.

அதன் பிறகு செம்பி ஒவ்வொரு சேதிக்கும் முன்னால் ஒரு மரப்பட்டையை அனுப்பத் தொடங்கியது. பட்டையில் எத்தனை பல்தடமோ, பின்னால் அத்தனை பொருள். துடுப்பன் எல்லாவற்றையும் பாறை இடுக்கில் ஒதுக்கி வைத்து, எண்ணிக்கை நிறைந்த பிறகே படிக்கும். மிஞ்சியதை அடுத்த சேதியின் கணக்கில் வைக்கும். மூன்று வருஷம் இது தவறவில்லை.

ஒரு கோடையில் பட்டை வந்தது. ஐந்து பல்தடம். பின்னால் அத்தி இலை வந்தது, நாவல் இலை வந்தது, மூங்கில் இலை வந்தது. துடுப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பழம் பழுத்திருக்கிறது, வா, குடும்பத்தோடு வா! இப்படி ஓர் அழைப்புக்காகத்தானே அது இத்தனை நாள் காத்துக் கிடந்தது?

“இன்னும் ரெண்டு வரணுமே. இருந்து பார்த்துட்டுப் போவோம்,” என்றது அல்லி.

“வேற என்ன இருக்கப்போகுது? சீக்கிரம் வான்னு இருக்கும். கிளம்பு,” என்றது துடுப்பன்.

நல்லதை முதலில் சொல்லிக் கெட்டதைக் கடைசிக்கு வைப்பது செம்பியின் சுபாவம். துடுப்பனுக்கு அது தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஓடையோரமாகப் போனால் சுற்று என்று குறுக்கு வழியில் மேடேறின. வழியெல்லாம் துடுப்பன் குட்டிகளுக்குப் பழைய நாட்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. அத்தி மரம் கண்ணில் பட்டதும் குட்டிகள் முன்னால் ஓடின. மரத்தடி நிழலில் நான்கு செந்நாய்கள் படுத்திருந்தன. அவை எழுந்து நின்றன.

மேலேயிருந்து செம்பி பார்த்தது. யோசிக்க நேரமில்லை. செந்நாய்களின் மூக்குக்கு முன்னால் தரையில் குதித்து, கீச்சிட்டபடி எதிர்ப்பக்கம் ஓடியது. நான்கும் அதைத் துரத்தின. அந்த இடைவெளியில் அல்லியும் துடுப்பனும் ஆளுக்கொரு குட்டியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தன. செம்பி ஒரு மரத்தில் தொற்றிக்கொண்டது. அதன் வாலில் பாதி ஒரு செந்நாயின் வாயில் இருந்தது.

செந்நாய்கள் போன பிறகு செம்பி தன் அத்திக்குத் திரும்பி, தாழ்ந்த கிளைக்கு வந்தது.

“அஞ்சு போட்டேனே, துடுப்பா. முள்ளும் புளியங்கோதும் வரலையா?”

“வந்திருக்கும். எடுத்துப் பார்க்க நான்தான் அங்க இல்ல. உன்னைப் பார்க்கப்போற ஆசையில மூணோட கிளம்பிட்டேன்.”

“எனக்கும் ஆசைதான். அதனாலதான் பொறுன்னு சொன்னேன்,” என்றது செம்பி.

மலை அணிலுக்கு மரம்விட்டு மரம் பாய வால்தான் துணை. அதற்குப் பிறகு செம்பியால் அந்த ஓர் அத்தியைவிட்டு எங்கும் பாய முடியவில்லை. துடுப்பன் எத்தனை அழுதும் அந்த வால் திரும்ப வளரவில்லை.

எவ்வளவு ஆசைப்பட்ட சேதியானாலும், முழுவதும் வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகே அதை நம்பிக் காலெடுத்து வைக்க வேண்டும்.