காளான் வாய் மூடியது

இதை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்தான். நல்லதைக் கெட்டது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. கெட்டதை நல்லது என்று சொல்லி, யாராவது பறித்துத் தின்றுவிட்டால்? அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் காளான்களுக்கு வாய் இருந்தது. பறிக்க வருகிறவர்கள், "நீ யாரப்பா?" என்று கேட்பார்கள். "என்னைத் தின்னலாம்" என்று புற்றுக்காளான் சொல்லும். "நான் ஆகாதவன், தொடாதே" என்று புல்வெளிக் காளான் சொல்லும். இரண்டும் வெள்ளைதான், இரண்டும் குடைதான். ஆனாலும் யாருக்கும் வயிறு வலித்ததில்லை.

புற்றுக்காளானுக்குத்தான் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லித் தான் சட்டிக்குப் போக, அந்தப் புல்வெளிக்காரன் மட்டும் வெயில் காய்கிறானே!

ஒருநாள் பாவாயி என்ற பெண் கூடையோடு வந்தாள். அவளுடைய அண்ணன் வெகுநாள் கழித்து விருந்துக்கு வந்திருந்தான்.

"நீ யாரப்பா?"

"நான் விஷம், அம்மணி" என்றது புற்றுக்காளான்.

புற்றுக்குள்ளிருந்து கறையான் எட்டிப் பார்த்தது. "புளுகுகிறான் அம்மணி. நேற்று இவன் அண்ணன்மாரை உன் பக்கத்து வீட்டில்தான் வறுத்தார்கள்."

"ஓஹோ, இப்படி ஒரு சாமர்த்தியமா!" என்று பாவாயி பறித்துப் போட்டாள். கூடை நிரம்பவில்லை. புல்வெளிக்குப் போனாள்.

"தொடாதே அம்மணி, நான் ஆகாதவன்" என்றது புல்வெளிக் காளான்.

"நீயும் ஆரம்பித்துவிட்டாயா?" என்று சிரித்தபடியே பறித்தாள்.

முதலில் சாப்பிட உட்கார்ந்தவன் அண்ணன். பொழுது சாய்வதற்குள் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான். உயிர் பிழைத்ததே பெரிது. அதற்குப் பிறகு தங்கை வீட்டில் அவன் கை நனைக்கவே இல்லை.

பாவாயி அழுதுகொண்டே புல்வெளிக்கு ஓடினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே அம்மணி. நீ சிரித்தாய்."

காளான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பொய் சொன்னவன் வெட்கத்தில் வாயை மூடினான். உண்மை சொன்னவன் வெறுத்துப்போய் மூடினான். அன்று முதல்தான் எந்தக் காளானும் தான் யார் என்று சொல்வதில்லை. புல்வெளிக் காளானுக்கு மட்டும் மனசு கேட்காமல், முற்றியபின் குடைக்கு அடியில் பச்சை படர்கிறது. இளசாக இருக்கும்போது அதுவும் தெரியாது.

எங்கள் வீட்டு முன்னாலும் புல் வளர்த்திருக்கிறோம். போன மழைக்கு வெள்ளை வெள்ளையாக முளைத்துவிட்டன. என் கணவர் செல்போன் செயலியில் படம் பிடித்துப் பார்த்து, "சும்மா பயப்படாதே, நல்ல வகை என்றுதான் காட்டுகிறது" என்றார். நான் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அடியோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடினேன். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.