கரடியின் பதினான்கு குறைகள்

ஒரு காட்டின் நடுவே கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் மைதானம் எப்படி வந்தது என்கிறீர்களா, குழந்தைகளே? எப்போதோ மலைக்கு வந்த மனிதர்கள் புல்லை வெட்டி, குழி தோண்டி, கொடி நட்டுக் கொஞ்ச காலம் ஆடினார்கள். பிறகு அலுத்துப்போய், மட்டைகளையும் பந்துகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். விலங்குகள் எடுத்துக்கொண்டன.

அந்தக் காட்டில் ஒரு கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். ஒரு நாள் சரிவிலிருந்து பாறை உருண்டு அதன் குகை வாயை அடைத்துவிட்டது. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு குகை. அதன்மேல் காட்டுப்பன்றிக்கும் கண்.

இரண்டும் யானையிடம் வழக்கைக் கொண்டுபோயின.

"சண்டை போட்டால் இருவருக்கும் காயம்தான் மிஞ்சும்," என்றது யானை. "ஓடைக்கு இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் இருக்கும் கொடியை நோக்கி ஆளுக்கு ஒரு பந்து அடியுங்கள். யார் பந்து கொடிக்கு அருகில் விழுகிறதோ, அவருக்குக் குகை. இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் போட்டி."

பன்றி ஓர் உறுமல் உறுமிவிட்டுக் கிழங்கு தோண்டப் போயிற்று. கரடி மட்டையை எடுத்து அடித்துப் பார்த்தது. பந்து உருண்டு ஓடையில் விழுந்தது. இன்னொன்று அடித்தது. அதுவும் ஓடையில்.

"என் குட்டிகள் மழையில் நனையப் போகின்றனவே!" என்று கலங்கிய கரடி, நரியைத் தேடி ஓடியது.

அந்தக் காட்டில் கோல்ஃப் வாத்தியார் நரிதான். மட்டையை அது கையால் தொட்டதில்லை. ஆனால் மனிதர்கள் ஆடிய காலத்தில் புதருக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அது ஒன்றுதான். அந்தத் தகுதி போதாதா?

"தட்சணை என்ன தரவேண்டும், வாத்தியாரே?" என்று கேட்டது கரடி.

"நமக்குள் என்ன தட்சணை, கரடியக்கா! நாளுக்கு ஒரு தேனடை போதும். எங்கே, அடித்துக் காட்டுங்கள்."

கரடி அடித்தது. நரிக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில், மட்டை பந்தைத் தொடும் முன்பே கரடி தலையைத் தூக்கிவிடுகிறது. தலை எழுந்தால் தோளும் எழும். மட்டை பந்தின் உச்சியை மட்டும் சீவும். பந்து பறக்காமல் உருண்டு ஓடையில் விழும். 'தலையைத் தூக்காதே' என்று சொன்னால் தீர்ந்தது.

சொன்னால் தீர்ந்துவிடும். நரிக்கு அதுதான் கவலை.

"அக்கா, உங்கள் இடது கால் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது," என்றது அது. "பெரிய குறை. நல்லவேளை, என்னிடம் வந்தீர்கள்."

கரடி நன்றியோடு தேனடையைக் கொடுத்தது.

மறுநாள் நரி சொன்னது: "மட்டையை நெரிக்கிறீர்கள். பழுத்த அத்திப்பழத்தைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள்."

கரடி அப்படியே பிடித்து வீசியது. மட்டை கையிலிருந்து பறந்துபோய் மரக்கிளையில் தொங்கியது.

மூன்றாம் நாள், "பிடி தளர்ந்திருக்கிறது, அக்கா. இது நேற்று இல்லாத குறை!" என்று வியந்தது நரி. அதற்கும் ஒரு தேனடை.

பிறகு முழங்கை மடிகிறது என்றது. முழங்கை நிமிர்ந்ததும் முழங்கால் மடிகிறது என்றது. இடுப்பு அவசரப்படுகிறது என்றது. மூச்சு தாமதிக்கிறது என்றது. ஒரு நாள் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கரடியை மூன்று முறை சுற்றி வந்தது.

"உங்கள் வால் ஆடுகிறது."

கரடி திரும்பித் திரும்பிப் பார்த்தது. "எனக்கு வால் இருக்கிறதா, வாத்தியாரே?"

"இருக்கிறது. ரொம்பச் சின்னது. அதனால்தான் இத்தனை வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை."

இவ்வளவு கூர்மையான கண் உள்ள வாத்தியார் கிடைத்ததை நினைத்துக் கரடி நெகிழ்ந்துபோயிற்று. மரத்தடியில் குட்டிகள் தேன் கேட்டு அழுதன. "இது வாத்தியாருக்கு. உங்களுக்குக் குகை வரப்போகிறதே!" என்று கரடி அவற்றைத் தேற்றியது.

பத்தாம் நாள் கரடி அடித்த பந்து இரண்டே அடி நகர்ந்து நின்றது. கரடிக்கு அழுகை வந்துவிட்டது.

"முன்பு ஓடை வரைக்குமாவது போனதே, வாத்தியாரே!"

"முன்பு பந்து தப்பான இடத்துக்குப் போயிற்று," என்றது நரி. "இப்போது எங்குமே போகவில்லை. தப்பில் பாதி ஒழிந்ததா இல்லையா?"

யோசித்துப் பார்த்தபோது, கரடிக்கு அது சரி என்றே பட்டது.

பதினான்கு நாளில் பதினான்கு குறைகள். கடைசி நாள் நரி சொன்னது: "நாளைக்குப் போட்டிக்கு முன் ஆசி தரவேண்டும். அதற்குச் சாதாரணத் தேன் ஆகாது. செங்குத்துப் பாறையில் தொங்குகிறதே, அந்தப் பெரிய தேனடை வேண்டும்."

அந்தப் பாறைப் பக்கம் எந்தக் கரடியும் போனதில்லை. நம் கரடி விடியற்காலையில், தேனீக்கள் விழிக்கும் முன் ஏறிப் பிடுங்கிவிட்டது. நரி ஆசி வழங்கி, தேனை நக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தது.

முதலில் பன்றி வந்தது. அதற்கு எந்தக் குறையும் தெரியாததால் நேராக நின்று, ஒரே போடாகப் போட்டது. பந்து ஓடையைத் தாண்டி, கொடிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

கரடி மட்டையை எடுத்தது. "இடது கால், பிடி, முழங்கை, முழங்கால், இடுப்பு, மூச்சு, வால்..." என்று முணுமுணுத்தது. எதை முதலில் சரிசெய்வது என்று தெரியாமல், முறுக்கிய காட்டுக்கொடிபோல் நின்றது.

அப்போது 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் கேட்டது. கூட்டை இழந்த மலைத்தேனீக்கள், தேன் வாசனையைப் பிடித்துக்கொண்டு மேகம்போல் வந்து இறங்கின!

யானை துதிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டது. நரி புதருக்குள் பாய்ந்தது. கரடியின் மூக்கில் ஒரு தேனீ கொட்டியது. "ஐயோ!" என்று அலறிய கரடி, மூக்கைக் காப்பாற்றத் தலையை நெஞ்சோடு புதைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான். குட்டிகளின் நினைவு வந்தது. பதினான்கு குறைகளும் மறந்தன. ஓங்கி ஒரு வீசு வீசிவிட்டு, பந்து போன திசையைக்கூடப் பார்க்காமல் ஓடைக்குள் விழுந்து முழுகியது.

தேனீக்கள் ஓய்ந்து போன பிறகு யானை அளந்து பார்த்தது. கரடியின் பந்து கொடியிலிருந்து மூன்றடியில் கிடந்தது.

"குகை கரடிக்கே!" என்றது யானை. குட்டிகள் குதித்தன.

நரி புதரிலிருந்து வெளியே வந்து, உடம்பை உதறிக்கொண்டது. "பார்த்தீர்களா என் பயிற்சியை!"

"இரு," என்ற யானை, கரடியிடம் கேட்டது: "இன்று புதிதாக என்ன செய்தாய்?"

"ஒன்றுமில்லை, ஐயா. தேனீக்குப் பயந்து தலையைத் தூக்காமல் அடித்தேன். அவ்வளவுதான்."

யானை நரியின் பக்கம் திரும்பியது. "அவ்வளவுதானாமே! இது உனக்குத் தெரியாதா, வாத்தியாரே?"

எல்லா விலங்குகளும் நரியைப் பார்த்தன. தெரியாது என்று சொன்னால் நாளைக்கு யார் தேனடை கொண்டுவருவார்கள்? நரி நெஞ்சை நிமிர்த்தியது.

"எனக்கா தெரியாது? முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன்!"



"முதல் நாளேவா?" என்று வீங்கிய மூக்கோடு கரடி மெதுவாகக் கேட்டது.

அப்போதுதான் நரிக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

கரடி மட்டையைக் கையில் எடுத்தது. காலை அழுந்த ஊன்றியது. தலையை அசையாமல் தாழ்த்தியது. குறை சொல்ல முடியாத நிலை. ஆனால் அதன் கண் இம்முறை பந்தின்மேல் இல்லை.

நரி எடுத்த ஓட்டம் அடுத்த மலையில்தான் நின்றது. அங்கே இப்போது வாத்துகளுக்கு நீச்சலில் உள்ள குறைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறதாம்.

நீதி: பிறர் பிழையில் பிழைப்பு நடத்துபவன், அந்தப் பிழை தீர வழி சொல்லமாட்டான்.