மா என்று அலறியவன்

முன்னொரு காலத்தில் வெண்மணற்பட்டினம் என்ற துறைமுக நாட்டை மங்கலராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடக்க வேண்டும். அரண்மனைத் தோட்டத்தில் அவன் கையால் நட்ட மாமரம் ஏழு வருஷம் கழித்து அந்தச் சித்திரையில்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. "என்னைக் கேட்காமல் அந்த மரத்தைத் தொட்டவன் கையை வெட்டுவேன்" என்று ஊரெல்லாம் பறையறைந்து சொல்லிவிட்டான்.

ஒருநாள் காலை காவலர்கள் ஓர் அந்நியனை இழுத்து வந்தார்கள். கிழிந்த துணி, உப்புப் பூத்த தாடி, வெடித்த உதடு. மதிலேறிக் குதித்து, கிணற்றடியில் நிற்கும் அந்த மாமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தானாம். எதைக் கேட்டாலும் ஒரே சொல்: "மா! மா!"

சிறைக்காவலன் ஒருவன் இரக்கப்பட்டு, பசி போலிருக்கிறது என்று ஒரு பிடி அரிசி மாவை அவன் வாயில் போட்டான். பாவம், அந்நியன் மூச்சு முட்டி இருமி, முன்னைவிடப் பெரிதாக அலறினான்.

சபையில் வித்தகர் நாவுடையார் எழுந்தார். நிகண்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். ராஜா வேறு யாரையாவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"அரசே, விசாரணையே வேண்டாம். மா என்றால் மாமரம். திருட வந்தேன் என்று தன் வாயாலேயே சொல்கிறான்."

"வெட்டுங்கள் கையை!" என்றான் ராஜா.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல்: "மகாராஜா, கொஞ்சம் பொறுங்க!"

காவலர்களுக்குச் சோறு கொண்டு வந்த பேச்சாயிதான் அது. இருபது வருஷமாகத் துறைமுகத்தில் சோற்றுக்கடை நடத்துகிறவள். அவள் கடையில் கை நனைக்காத மாலுமி கிடையாது.

"அவன் மாங்காய் கேட்கலை, மகாராஜா. தண்ணீர் கேட்கிறான். அரபு நாட்டு மாலுமிகள் என் கடையில் இலை முன்னால் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது இந்த மாதான்."

நாவுடையார் சிரித்தார். "சோற்றுக்கடைக்காரி எனக்குச் சொல் பொருள் சொல்கிறாள்! மா என்றால் மரம், குதிரை, வண்டு, திருமகள், அரிசி மாவு. நிகண்டில் தண்ணீர் இல்லை."

"சாமிக்கு வடமொழியும் தெரியுமே. அதில் மா என்றால் என்ன?"

"வேண்டாம், கூடாது என்று பொருள்."

"அப்படியானால் இவன் 'அடிக்காதே, வேண்டாம்' என்று கெஞ்சியிருக்கக் கூடாதா?"

சபையில் இரண்டொருவர் இருமினார்கள். பேச்சாயி விடவில்லை. "தெலுங்குக்காரர் மா என்றால் 'எங்கள்' என்கிறார்கள். சீனத்துப் பட்டு வியாபாரி குரலை இறக்கி ஏற்றி மா என்றால் குதிரையாம். அதையே உயர்த்தி நீட்டினால் அம்மாவாம். எந்த மாவுக்காக, மகாராஜா, இவன் கையை வெட்டப் போகிறீர்கள்?"

ராஜாவுக்குக் கோபம் பாதி போய் வேடிக்கை பாதி வந்தது. "அரபுக் கப்பல்கள் போன மாதமே கிளம்பிவிட்டன. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. நிரூபிப்பாயா? முடியாவிட்டால் உன் கடையை இழுத்து மூடுவேன்."

"சரி, மகாராஜா. முதலில் அவன் குடிக்கட்டும்."

அந்நியன் ஒரு குடம் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தான்.

"தாகத்தில் எவனும் குடிப்பான். இது ஒரு சாட்சியா?" என்றார் நாவுடையார்.

"சாட்சி இனிமேல்தான் வருகிறது. இப்போது அவனுக்குத் தாகம் இல்லையே" என்ற பேச்சாயி, தண்ணீர் நிறைந்த அபிஷேகச் செம்பைக் காட்டினாள். "மா" என்றான் அந்நியன். ஜன்னலுக்கு வெளியே தாமரைக் குளத்தைக் காட்டினாள். "மா!" என்று தலையாட்டினான். பிறகு தோட்டத்திலிருந்து ராஜாவே பறித்துவரச் சொன்ன ஒரு மாங்கனியை அவன் கையில் வைத்தாள்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். "மா ஹாதா?" என்றான்.

நாவுடையார் துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா! மா என்றுவிட்டான்! மாட்டிக்கொண்டான்!"

ராஜாவின் முகம் கறுத்தது. காவலன் கத்தியை எடுத்தான். பேச்சாயி அந்நியனின் கண்ணைப் பார்த்தாள். அது கேள்வி கேட்கிற கண். முதன்முதலாகத் தன் கடை இடியாப்பத்தைப் பார்த்த மாலுமிகளும் இப்படித்தானே விழிப்பார்கள்!

சட்டென்று ராஜாவின் பின்னால் ஆடிய சாமரத்தை வாங்கி அவன் முன் நீட்டினாள்.

"மா ஹாதா?"

வெற்றிலைச் செல்லத்தை நீட்டினாள்.

"மா ஹாதா?"

நாவுடையாரின் கக்கத்திலிருந்த நிகண்டுச் சுவடியை உருவி நீட்டினாள்.

"மா ஹாதா?"

"மகாராஜா, 'இது என்ன' என்று கேட்கிறான். இவர்கள் பேச்சில் 'என்ன' என்பதும் மாதான் போலிருக்கிறது. மாம்பழம் இன்னதென்றே தெரியாதவன் அதைத் திருட மதிலேறுவானா? மரத்தடியில் கிணறு இருக்கிறது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன், தண்ணீரைத் தேடி வந்து, நிற்க முடியாமல் மரத்தைப் பிடித்திருக்கிறான்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். "ஒரே எழுத்து! இதற்குள் இத்தனை ஊர் இருக்கிறதா?" என்று வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அந்நியனின் வெடித்த உதட்டைப் பார்த்துத் தலைகுனிந்தான். "பேச்சாயி, என்ன வேண்டும், கேள்."

"துறைமுகத்தில் ஒரு நல்ல கிணறு வெட்டிக் கொடுங்க. வருகிறவன் எந்த மொழியில் கேட்டாலும் குடிக்கட்டும்."

"வெட்டியாயிற்று என்று வைத்துக்கொள். வித்தகரே, நீர் ஒரு வருஷம் இவள் கடையில் உட்கார்ந்து, வருகிற மாலுமிகளிடம் சொல் கேட்டு எழுதும். இலை எடுக்கவும் உதவும்."

நாவுடையார் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுநாளே எழுத்தாணியோடு போய் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் வெட்கம், பிறகு ஆசை. வருஷம் முடிந்த பிறகும் அவர் எழுந்து வரவில்லை.

அன்று சபை கலையும்போது பேச்சாயிதான் தன் நெஞ்சைத் தொட்டு, "பேச்சாயி" என்றாள். அந்நியன் புரிந்துகொண்டு தன் நெஞ்சைத் தொட்டான்.

"ஹம்தான்."

காலையிலிருந்து அவனைப் பிடித்த, இழுத்த, விசாரித்த ஒருவருக்கும் அவன் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. ராஜா அதைத் தப்பில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னான்.